கொண்டை ஊசியும் சாமத்தியத் தண்ணீரும்

1

இந்த வாரம் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தெரிந்த குடும்பம். அவர்களுடைய மகளுக்குச் சாமத்தியவீடு. உறையைப் பிரித்தால் தங்க எழுத்து, பிள்ளையின் வர்ணப் படம், கையில் ஒற்றைத் தாமரை, முதுகுக்குப் பின்னால் ஸ்டூடியோக்காரர் தொங்கவிட்ட அருவி. அவ்வளவு சோடனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் முகத்தில் மட்டும், பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தியின் பார்வை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படிச் சொல்ல? பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் வந்து தலையில் தண்ணீர் வார்ப்பார், மாமிமார் சேலை உடுத்துவார்கள், அயலுக்குப் பலகாரம் போகும். அவ்வளவோடு முடிந்த காரியம் இங்கே வந்து கொழுத்துப் போய்விட்டது. மண்டபம், மேடை, ஊஞ்சல், புகை விடும் மெஷின், இரண்டு வீடியோக் கமரா. ஊரில் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் ஒரு பிள்ளையின் தலையில் அடுக்கிப் பார்க்கிறோமோ என்று தோன்றும். சிரிக்க மனம் வராது. எண்பத்து நாலில் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். எங்களுக்கும் ஒருநாள் தங்க எழுத்துத் தேவைப்படுகிறது.

அழைப்பிதழை மேசையில் நிமிர்த்தி வைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலத்தில் எழுதிய நாவல். கோபுரத்தில் அடைபட்ட நீளக் கூந்தல்காரியின் பழைய தேவதைக் கதையைப் பிடுங்கி, பண்டைய சீனத்தின் ஆற்றங்கரையில் நட்டு வளர்த்த நாவல். பெயரைச் சொன்னால் நீங்கள் தேடிக் களைப்பீர்கள், அங்கே கிடைக்காது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான்.

2

என் மகள் தர்சினிக்கு அப்போது பதின்மூன்று வயது. மனோர் பார்க்கில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வாரம் அவள் பெரியவளானாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மேல் அறையில் தனியாக இருத்தினேன். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். பதினொரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம். மற்றத் தாய்மார் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் நான் ஊரில் எட்டு வருடம் படிப்பித்தவள். பள்ளிக்கூடத்துக்குப் பொய் எழுத எனக்குக் கை வராது. அகராதியை விரித்து வைத்து ஒன்றரை மணித்தியாலம் இருந்து, நல்ல ஆங்கிலத்தில் உண்மையை எழுதினேன். என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள். எங்கள் வழக்கப்படி பதினொரு நாள் ஓர் அறைக்குள் வைத்திருக்கிறோம். ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. தயவுசெய்து பொறுத்தருளவும்.

கடிதம் தபாலில் போக, அடுத்த நாளே பிள்ளைக்கு அலுத்துவிட்டது.

"அம்மா, டிவி கீழ, போனும் கீழ. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது. ஒரு புக்காவது எடுத்துக்கொண்டு வாங்கோ."

நூலகத்துக்குப் போனேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்கான தட்டில் முக்கால்வாசி அட்டைகளில் ஒரு பொடியனும் பெட்டையும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றில் மட்டும் ஒரு சீனத்துப் பெண் யன்னலடியில் தனியே இருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கூந்தல், குனிந்த தலை. அடக்கமான பிள்ளை, பக்கத்தில் பொடியனும் இல்லை. இது போதும் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. பெற்றோல் நிலையத்து ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டியிருந்த என் கணவர்தான் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, கவுன்சிலில இருந்து ஆரோ வந்திருக்கினம்."

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைத் தேடி வரும் உத்தியோகத்தர். ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பெண். கையில் ஒரு கோப்பு. கோப்புக்குள் என் கடிதம். 'ஓர் அறைக்குள் வைத்திருக்கிறோம்' என்ற இடத்துக்குக் கீழே சிவப்புக் கோடு. ஒன்றரை மணித்தியாலம் நான் தேடி எழுதிய வசனம்.

அவர் மேலே வந்தார். இருக்கலாமா என்று கேட்டு, கதிரை நுனியில் இருந்தார். அறையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பேய் பிசாசு அண்டாமல் நான் தலைமாட்டில் வைத்த பாக்குவெட்டியைக் கன நேரம் பார்த்தார். பிறகு தர்சினியிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இந்த அறைக்குள் இருக்க உனக்கு விருப்பமா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள எனக்கு இருந்த ஆங்கிலம் போதுமாக இருந்தது. அவள் இல்லை என்று சொன்னால்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கோயில் மண்டபத்தில் எத்தனை கதை கேட்டிருக்கிறோம்.

தர்சினி என்னைப் பார்த்தாள். தலையெல்லாம் நல்லெண்ணெய். பிறகு புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள்.

"நான் ஒரு அத்தியாயத்துக்கு நடுவில நிக்கிறன்" என்றாள், ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் பத்து நிமிடம் புத்தகத்தைப் பற்றியே கதைத்தார்கள். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எழும்பினார். வாசலில் என் கையைப் பிடித்தார். உண்மையை எழுதியதற்கு நன்றி என்றார். இந்த வட்டாரத்தில் எல்லாத் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே வயதில், ஒரே அளவு நாளுக்குக் காய்ச்சல் வருகிறது, ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது என்றார்.

கதவைச் சாத்திவிட்டு மேலே ஏறினேன்.

"பாக்குவெட்டியை ஒளிச்சு வைச்சிருக்கலாம் அம்மா."

"அது பேய்க்கு வைச்சது."

"பேயை விட அவதான் கூடப் பயந்தவ."

3

சனிக்கிழமை லூயிஷாமிலிருந்து என் தம்பி குலசிங்கம் வந்தான். எனக்கு இருக்கிற ஒரே சகோதரம், தர்சினிக்கு ஒரே தாய்மாமன். முகத்தில் விழிக்கக் கூடாதென்று படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டு கையிலிருந்த பட்டியலை வாசித்தான்.

"முந்நூறு பேருக்கு ஹோல் புக் பண்ணிட்டன் அக்கா. வீடியோக்காரனுக்கும் சொல்லியாச்சு. பிள்ளையைப் பல்லக்கில கொண்டுவாறம்."

"பல்லக்கை ஆர் தூக்கிறது?"

"என்ரை கடைப் பொடியள் நாலு பேர். அரிசி மூட்டை தூக்கிற தோள்தானே."

என் கணவர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மேலிருந்து குரல் வந்தது. "அம்மா, நான் ஸ்டேஜில இருக்க மாட்டன்."

தம்பி அண்ணாந்து பார்த்தான். "என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"பல்லக்கிலயும் ஏற மாட்டன் மாமா. எனக்குப் பீரியட் வந்ததுக்கு முந்நூறு பேர் வந்து ஐஸ்கிரீம் சாப்பிடவேணுமோ?"

பத்திரிகை நடுங்கியது. தம்பி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னான்:

"அக்கா, அப்பா போனபோது எனக்கு விசா இல்லை. கொள்ளி வைக்கப் போக ஏலாமல் இஞ்ச இருந்து சுவரைப் பார்த்தனான். உன்ரை கலியாணத்துக்கும் நான் இல்லை. எனக்குப் பொம்பிளைப் பிள்ளையும் இல்லை. இதையாவது என்ரை கையால செய்ய விடு."

படிக்கட்டுக்கு மேலே ஒரு பிள்ளை, கீழே ஒரு பிள்ளை. நடுவில் நான், கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

போகும்போது கேட்டான்: "ஆர் உவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கினம்? பள்ளிக்கூடமோ?"

எனக்குப் புத்தகத்தில்தான் சந்தேகம். அடக்கமான பிள்ளை என்று நம்பி நான் தூக்கிக்கொண்டு வந்த புத்தகத்தில்.

4

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளருக்குத் தட்டு அடுக்கும் வேலை எனக்கு. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸின் மேல்தட்டில், இடைவேளையில் பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் நாள் மூன்று பக்கம். குற்றவாளியைப் பிடிக்கப் போனவள் நான். ஐந்தாம் நாள் இறங்க வேண்டிய தரிப்பிடத்தையே தவறவிட்டேன்.

என்ன எழுத்து! எங்கேயோ பிறந்த ஒரு பழைய கதை, வேறொரு மண்ணில் இப்படி வேர் விடுமா?

மூலக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மசக்கைக்காரி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்கு ஆசைப்படுகிறாள். புருஷன் மதிலேறித் திருடுகிறான். தோட்டக்காரச் சூனியக்காரி, பிறக்கும் பிள்ளையைக் கேட்டு வாங்கிக் கோபுரத்தில் அடைக்கிறாள். பிள்ளையின் கூந்தல் கயிறாகிறது, அதைப் பிடித்து ஓர் இளவரசன் ஏறுகிறான்.

இந்த நாவலில் சூனியக்காரி இல்லை. பட்டு நூற்கும் ஒரு விதவை இருக்கிறாள். சொந்த மகளுக்குப் பதினைந்து வயதானதும், அந்த நாட்டு வழக்கப்படி ஊர் கூட்டி, தலை முழுக்காட்டி, விரித்த கூந்தலை அள்ளிக் கொண்டை முடிந்து ஊசி செருகினாள். கொண்டை முடிந்தால் பெண் பெரியவள், இனி யாரும் கேட்டு வரலாம். கேட்டு வந்தது அரண்மனை. மறுக்க முடியாது. போன மகள் திரும்பவில்லை. அதனால் கீரைக்கு ஈடாக வாங்கிய இந்த இரண்டாவது பிள்ளையைப் பட்டுக் கிடங்கின் மேல்மாடியில் வைத்து வளர்க்கிறாள். ஏணியை எடுத்துவிடுகிறாள். பதினைந்து வயது வருகிறது. விதவை கொண்டை முடியவில்லை. முடியாத கூந்தல் வளர்கிறது, வளர்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி யன்னலுக்கு வெளியே பார்த்தேன். சிறுவயதில் நான் கேட்ட கதையில் அந்தக் கூந்தல் வெறும் அழகு. இங்கே அது ஒரு தாய் தள்ளிப்போட்ட நாள். ஒவ்வொரு முழமும் ஒரு பயம். இதை யோசித்தவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்ற வேண்டும் போலிருந்தது.

பட்டு நூற்பதற்கென்றே ஓர் அத்தியாயம். கொதிநீரில் மிதக்கும் கூடுகள், நூலின் நுனியைத் தேடும் விரல்கள், விரலில் வெந்த தோல். ஒரு கூடு முழுவதும் ஒரே நூல், இடையில் அறுந்தால் அவ்வளவும் வீண். அகராதியில் இல்லாத சொற்கள்கூட எனக்கு விளங்கின. ஆவியில் வெந்த விரல் எனக்கும் உண்டு. இளவரசனுக்குப் பதில், வரி எழுத வரும் ஒரு கணக்கப்பிள்ளை வருகிறான். பாவம், ஏறத் தெரியாது. கீழே நின்று ஊர்ப் புதினம் சொல்வான், அவ்வளவுதான். எனக்கு அவனை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அந்தப் பெண் தான் நூற்ற பட்டிலேயே கயிறு திரித்துக்கொள்கிறாள். முசுக்கொட்டைக் குச்சி ஒன்றை ஒடித்து, தன் கூந்தலைத் தானே அள்ளி முடிந்து, குச்சியைச் செருகிக்கொண்டு இறங்குகிறாள். கீழே விதவை நிற்கிறாள். அவளுடைய சட்டைக் கைக்குள் பச்சைக்கல் பதித்த கொண்டை ஊசி ஒன்று. பிள்ளைக்குப் பதினைந்து வயதான அன்றைக்கே வாங்கியது. மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் கைக்குள் வைத்துக்கொண்டு, கொடுக்கத் துணியாமல் திரிந்திருக்கிறாள். இப்போதும் எடுத்து நீட்டவில்லை. பிள்ளையின் தலையில் குச்சியைக் கண்டுவிட்டாள்.

பஸ்ஸின் மேல்தட்டில் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒன்றும் கேட்காமல் ஒரு ரிஷ்யூத் தாளை நீட்டினார்.

5

அழுது முடிந்ததும் எனக்குள் இருந்த ரீச்சர் விழித்துக்கொண்டாள். கதை என் பக்கம் அல்லவா இருக்கிறது! வீட்டுக்குப் போய் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறினேன். தர்சினி கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள்.

"வாசிச்சு முடிச்சிட்டன்."

துள்ளி எழும்பினாள். "முழுக்கவோ? அம்மா, நீங்களோ?"

"நான்தான். இப்ப சொல்லு. அந்தப் பிள்ளைக்குச் சடங்கு செய்யாமல் விட்டதுதானே பிழை? கொண்டை முடிஞ்சுவிட ஆளில்லையெண்டு அவள் எத்தனை பக்கம் அழுகிறாள்? நாங்கள் உனக்குச் செய்யிறம் எண்டுதானே நிக்கிறம்? நீ எங்களோட சண்டை பிடிக்கிறாய்."

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தபடி யோசித்தாள். நான் சொன்னதை மதித்து யோசித்தாள். அது எனக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச வருடமாக நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, இரண்டு பேரும் பாதியில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

அவள் தமிழில், சொல் சொல்லாகத் தேடிச் சொன்னாள்:

"அந்த அம்மா முதல் பிள்ளைக்குச் செய்தவ. அந்தப் பிள்ளையைக் கேக்கேல்லை. இரண்டாவது பிள்ளைக்குச் செய்யேல்லை. அவளையும் கேக்கேல்லை. செய்யிறது, செய்யாதது இல்லையம்மா. ஒருத்தரும் கேக்கேல்லை."

இருபது வருடம் வகுப்பெடுத்தாலும் எனக்கு இந்த வாசிப்பு வந்திராது. முதல் மகளை நான் கவனிக்கவே இல்லை. பத்தாம் பக்கத்தோடு அரண்மனைக்குப் போனவள் என்று விட்டுவிட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை விடவில்லை.

கட்டிலில் இருந்தேன். கோட்டு இன்னும் தோளில் இருந்தது.

"சரி. நான் கேக்கிறன். உனக்கு என்ன வேணும்?"

யாரும் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கொப்பியை மூடி வைத்தாள்.

"தண்ணி வாக்கிறது ஓகே. சேலை ஓகே. உங்கட சிவப்புச் சேலை. ஹோல் வேண்டாம், வீடியோ வேண்டாம், கார்ட் வேண்டாம். வீட்டில, எங்கட ஆக்கள் மட்டும்." பிறகு, "மாமா கட்டாயம் வரவேணும்" என்றாள்.

6

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் என் கணவரைச் சொல்லச் சொன்னேன். அவர், "உங்கட தம்பி, உங்கட மகள், நடுவில நான் வெறும் பெற்றோல்காரன்" என்று சொல்லி நழுவிவிட்டார்.

முழுவதையும் சொன்னேன்.

"அப்ப முந்நூறு பேருக்கும் நான் என்ன சொல்லுறது?"

"பிள்ளைக்கு விருப்பமில்லை எண்டு சொல்லு."

"பதின்மூண்டு வயசு. அவளுக்கென்ன விருப்பம், விருப்பமில்லை? எங்களை ஆர் அக்கா கேட்டவை? உன்னைக் கேட்டவையோ?"

"இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது நானே திடுக்கிட்டேன். நான் பெரியவளானபோது என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட ஓட்டப்போட்டிக்கு முதல் நாள். ஓடவில்லை. முப்பது வருடமாக அதை நினைத்ததும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தண்ணி வாக்கிறம். நீ வரவேணுமெண்டு பிள்ளை சொன்னவள். நான் சொல்லேல்லை, அவள் சொன்னவள்."

தொலைபேசியை வைத்துவிட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தாய்மாமன் வராமல் தண்ணீர் வார்ப்பதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாலு நாளும் தட்டு அடுக்கும்போது கை தானாக அடுக்கியது. மகளைக் கேட்டதில் தம்பியை இழந்துவிட்டேனோ என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

7

ஞாயிறு காலை வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சீமெந்து போட்ட சின்ன முற்றம். உடுப்புக் காயவிடும் கொடியை அவிழ்த்துவிட்டுப் பலகை போட்டோம். வாளியில் வெந்நீர் கலந்து, பாலும் அறுகம்புல்லும் போட்டேன். கடையில் அறுகு கிடைக்காமல் பூங்காவின் ஓரத்தில் என் கணவர் பிடுங்கி வந்தது. அறுகுதானா என்று கேட்டதற்கு, "பச்சையாய் இருக்கு" என்றார்.

பத்து மணி. பத்தேகால். தர்சினி பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் தகப்பனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, பலகையில் இருந்தாள். நான் வெந்நீர் இன்னும் ஒரு கேத்தில் கொண்டுவந்து கலந்தேன். பிறகு இன்னொன்று.

பத்தரைக்குப் பக்கவாசல் கதவு திறந்தது. தம்பி வேட்டி கட்டியிருந்தான். மேலே கம்பளிச் சுவெற்றர். கமராக்காரனும் இல்லை, பல்லக்கும் இல்லை. மனைவியும் இரண்டு மகன்மாரும் பலகாரத் தட்டுகளோடு பின்னால் வந்தார்கள். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. நேரே போய்ச் செம்பை எடுத்துத் தண்ணீரை அள்ளினான்.

குலசிங்கத்தை உங்களுக்குத் தெரியாது. எந்த வரிசையிலும் நிற்காத ஆள். பச்சை விளக்குக்குக் காத்திராமல் வீதியைக் கடக்கிற ஆள். அள்ளிய கையோடு ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவான், என்னோடு கதைக்காமலே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

செம்பு பிள்ளையின் தலைக்கு மேலே போய் நின்றது. அவன் குனிந்து பார்த்தான்.

"ஊத்தட்டோ பிள்ளை?"

தர்சினி நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா."

கோட்டைக் கழற்றித் தகப்பனிடம் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். முகத்தில் விழுந்த மயிரைப் பின்னால் தள்ளினாள். பலகையில் ஒருமுறை அசைந்து, நேராக இருந்து, கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எதையோ விளங்கிக்கொண்டவள் போல அப்படியே நின்றாள்.

என் தம்பி செம்பை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். நிரம்பிய செம்பு, கை வலித்திருக்கும். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"இப்ப ஊத்துங்கோ" என்றாள்.